எஃப்.சி. செட்டு

புதுச் சாமான் மாட்டிய வண்டியை எஃப்.சி. சோதிக்கிற நாடி இயந்திரம் ஃபெயில் செய்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு மாதேஸ்வரன் ஸ்பேர்ஸ் கடைக்குள் வந்தபோது கோகிலவாணிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"சிரிக்காதீங்க்கா, வயிறு எரியுது," என்றான் அவன். "ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம் புதுசு. உங்ககிட்டத்தான வாங்குனேன்? மாட்டுனது நம்ம அர்த்தநாரியண்ணன். போய் நின்னா முன்கை சரியில்லைன்னு செவப்பு லைட்டு எரியுது."

"வேற ஏதாச்சும் இருக்குந் தம்பி."

"வேற எல்லாமே பச்சைங்க்கா. இழுத்துக்கிட்டுக் கெடக்கற ஏசி பச்சை, மழை ஒழுகற பின்கதவு பச்சை. புதுசாப் போட்டது மட்டும் செவப்பு. நல்லா இருக்குதுங்க நாயம்!"

மாதேஸ்வரன் ஓட்டுவது மருதம் கார். பெங்களூரில் டாக்சியாக ஓடி ஓய்ந்த மருதங்களெல்லாம் கடைசியில் வந்து சேருவது சங்ககிரி, ஓமலூர், பவானிப் பக்கம்தான். கம்பெனி அதன் உற்பத்தியை எப்போதோ நிறுத்திவிட்டது, உதிரிச் சாமான் மட்டும்தான் வருகிறது. ஆனாலும் விலைக்கு ஏற்ற மின்சார வண்டி, குடும்பமே ஏறலாம் என்று ஜனங்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். மாதேஸ்வரன் அதில் சுற்றுவட்டாரத்துச் சிறுநீரக நோயாளிகளை ஏற்றி, டயாலிசிஸுக்காகச் சேலத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவான். நோயாளிகளை ஏற்றுகிற வண்டி என்பதால் யாரும் சொல்லாமலே முன்பக்கத்துக்குப் புதுச் சாமான் வாங்கிப் போட்டிருந்தான். அந்த ஊரில் அது கேள்விப்படாத சங்கதி.

ஏனென்றால் சங்ககிரியில் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. நம்மிடம் நகை இல்லாவிட்டால் என்ன, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து, கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். லாரிக்காரர்கள் காலங்காலமாக நல்ல டயரை இரவல் வாங்கித்தான் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டினார்கள். தீயணைக்கும் சிலிண்டரும் இரவல், ஒளிரும் ஸ்டிக்கரும் இரவல். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதே இல்லை. கோகிலவாணியின் அப்பா இதையே ஒரு தொழிலாக்கினார். அவர் போன பிறகு ஸ்பேர்ஸ் கடையோடு சேர்ந்து அதுவும் அவள் கைக்கு வந்தது. அவள் வீட்டுக்காரர் லாரியோடு அஸ்ஸாம் பக்கம் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். கடைதான் அவளுக்கு வீடு.

மருதத்துக்கு ஒரே ஒரு தீராத வியாதி உண்டு. பேட்டரியின் பாரம் முழுக்க முன்பக்கம். முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கைக்கு லோயர் ஆர்ம் என்று பெயர். அதன் நுனியில் ஒரு குண்டு, கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும். பாரம் தாங்காமல் அந்தக் குண்டும் கிண்ணமும் தேயும். ரொம்பத் தேய்ந்தால் குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்று, சக்கரம் காலை மடக்கி உட்கார்ந்துவிடும். மருதம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அதற்காகத்தான் கோகிலவாணி மூன்று ஜோடி நல்ல லோயர் ஆர்ம்களை வாடகைக்கு வைத்திருந்தாள். எஃப்.சி. அன்று காலை மாட்டிக்கொண்டு போய், பாஸாகி வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழையதையே திரும்ப மாட்டிக்கொள்வார்கள். பவானிக்கும் ஓமலூருக்கும் திருச்செங்கோட்டுக்கும்கூட அந்த செட்டு பஸ்ஸில் ஏறிப் போய் வரும்.

முன்பெல்லாம் சுத்தியலும் டார்ச்சுமாக ஒரு ஆய்வாளர் நின்று வண்டியைப் பார்ப்பார். இப்போது அந்த இடத்தில் நாடி இருக்கிறது. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தினால் போதும். நாலாபக்கமும் இருந்து மெல்லிய கரங்கள் நீண்டு வந்து தொட்டு, அதிர்வைக் கேட்டு, பச்சையோ சிவப்போ காட்டிவிடும். மனிதரென்றால் கையில் எதையாவது திணிக்கலாம். நாடியிடம் அது நடக்காது என்று ஊரே கொஞ்சநாள் பயந்து கிடந்தது. அப்புறம் செட்டு போட்டுக்கொண்டு போனால் நாடிக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது.

எந்த மாடல் வண்டிக்கு எந்தக் கோளாறு அதிகம் என்று நாடி வருடா வருடம் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பட்டியல் வெளியிடும். பழைய கார் வாங்குகிறவர்கள் ஜாதகம் மாதிரி அதைத்தான் பார்ப்பார்கள். மருதத்துக்கு அதில் பின்கதவு ரப்பர், ஏசி, பின்பிரேக் என்று சில்லறைக் கோளாறுகள் இருக்கும். முன்கை, அதாவது லோயர் ஆர்ம், என்கிற இடத்தில் மட்டும் குறையே இல்லை என்று இருக்கும். கோகிலவாணியும் அர்த்தநாரியும் அதைப் படித்துவிட்டு எத்தனையோ முறை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"செட்டு ஓமலூர் போயிருக்குது தம்பி," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை வாங்க. உங்க புதுசைக் கழட்டி வெச்சுட்டு, நம்மளதப் போட்டுட்டுப் போய்க் காட்டிட்டு வந்துருங்க."

"புதுசைக் கழட்டிட்டுப் பழசு மாட்டறதுங்களா?"

"நாடிக்கு நம்ம செட்டுன்னா ரொம்பப் பிரியம்," என்று அவள் சொல்ல, மாதேஸ்வரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செட்டு ஓமலூரிலிருந்து திரும்பி வந்த அன்று அர்த்தநாரி அதைத் துடைத்து வைக்க எடுத்தார். அவள் அப்பா காலத்திலிருந்து இருக்கிற மெக்கானிக். ஒன்றைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தவர், இன்னொன்றையும் எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் வரிசையாக ஆட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, இங்க கொஞ்சம் வா."

அவள் போனாள். அவர் அவள் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார். டக் டக் என்றது. கிண்ணத்துக்குள் குண்டு சாவகாசமாக அங்குமிங்கும் போய் வந்தது.

"இது செத்து எத்தனையோ நாளாச்சு," என்றார் அர்த்தநாரி. "ஒவ்வொருக்காவும் சுத்தியல்ல அடிச்சு அடிச்சுத்தான கழட்டறோம். அடி வாங்கி வாங்கியே போயிருச்சு. நானும் ஆட்டிப் பாக்கோணும்னு நெனைக்கவேயில்ல. அதான் நாடி பாஸ் பண்ணுதேன்னு இருந்துட்டேன்."

"செத்துப்போனத எப்புடிங்ணா நாடி பாஸ் பண்ணும்? நல்லா இருக்கற புதுச எதுக்கு ஃபெயில் பண்ணும்?"

"என்னையக் கேட்டா? நாடிக்கார பொண்ணைப் போய்க் கேளு."

நாடியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பெனிட்டா அதே தெருவில்தான் குடியிருந்தாள். தூத்துக்குடிப் பெண். மீன் நல்லதாகக் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அவளுக்கு சங்ககிரியின் மேல் வேறு புகார் இல்லை. மறுநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது கோகிலவாணி பேச்சுக் கொடுத்தாள். மாதேஸ்வரனின் புதுச் சாமான் ஃபெயிலான கதையை, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

"புதுசா இருக்கதுதான் காரணமா இருக்கும்க்கா," என்றாள் பெனிட்டா. "நாடிக்கு இதுதான் நல்லது, இதுதான் கெட்டதுன்னு யாரும் அளவு சொல்லிக் குடுக்கல. ஆயிரக்கணக்குல மருதம் வருதுல்லா? அது எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு, மருதம்னா இப்படித்தான் இருக்கும்னு அதுவா கத்துக்கிட்டு. அதுல இருந்து விலகி இருந்தா சிவப்பு போடும். ஒரு ஊர்ல எல்லாருக்குமே காய்ச்சல்னு வைங்க, அந்த ஊர் டாக்டருக்குக் காய்ச்சல் இல்லாதவன்தான் நோயாளியாத் தெரிவான்."

"எல்லாருக்கும் எப்படி ஒரே நேரத்துல காய்ச்சல் வரும்?"

"அதான் சொல்லுதேன், வராது. ஒருத்தன் ஏமாத்துவான், ரெண்டு பேர் ஏமாத்துவான். ஆயிரக்கணக்கான வண்டிய யாரு ஏமாத்த முடியும்?"

"எல்லா வண்டியும் ஒரே சாமானை மாட்டிக்கிட்டு வந்தா?"

பெனிட்டா கலகலவென்று சிரித்தாள். "நல்லாத்தான் யோசிக்கீங்க. அதெப்படிக்கா நடக்கும்?"

கோகிலவாணியும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு முழுக்கப் புரிந்தது. நாடி ஆயிரக்கணக்கான மருதங்களைப் பார்த்ததாக ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. நாடி பார்த்ததெல்லாம் அவளுடைய மூன்று ஜோடியைத்தான், திரும்பத் திரும்ப. செட்டு தேயத் தேய, நாடியும் அதன் கூடவே இறங்கி வந்திருக்கிறது. நல்லது எப்படி இருக்கும் என்பதே அதற்கு மறந்துபோய்விட்டது. அது வெளியிடுகிற பட்டியலை நம்பி மருதம் வாங்கிய குடும்பங்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினாள்.

அங்கேயே பெனிட்டாவிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கடை போகும், கேஸாகும், ஊரில் ஒரு மருதம் மிச்சமில்லாமல் நிற்கும், அத்தனை பேரும் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். இதெல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஆனாலும் எல்லாவற்றையும்விட, இவ்வளவு நாளும் தன் வாயால் 'நல்ல செட்டு' என்று சொல்லிக் கொடுத்ததை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் வாயைக் கட்டியது.

வெள்ளிக்கிழமை காலையில் மாதேஸ்வரன் வந்தான். அர்த்தநாரி அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மாட்டி விடுங்கண்ணா," என்றாள்.

"தம்பி, சென்டருக்குப் போயிட்டு நேரா இங்க வந்துருங்க. வேற எங்கயும் போகாதீங்க. மெதுவாப் போங்க," என்று அவனிடம் மூன்று நான்கு தரம் சொன்னாள். பைபாஸில் இருக்கிற நாடி மையம்வரைக்கும் போய் வருவதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். அவனுடைய புது லோயர் ஆர்ம்கள் பட்டறை மூலையில் எண்ணெய் மின்னக் கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து ஃபோன் வந்தது. "பாஸுங்க்கா! ஒரே பச்சை. ஆனா ஒரு சங்கதி. நம்ம வண்டியில டயாலிசிஸ் போற சுலோச்சனா டீச்சருக்கு மூச்சு வாங்குதாம். இன்னிக்கே உடனே கூட்டிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அவங்க வீடு இங்க பக்கத்துலதான். அப்படியே ஏத்திக்கிட்டு சேலம் போயிட்டு, வந்து செட்டைக் கழட்டிக் குடுத்தர்றேன்."

அவள் வாயைத் திறந்தாள். அந்த வண்டியில் போகாதே, அது செத்த சாமான் என்று சொல்ல வேண்டும். தெரிந்தே ஏன் கொடுத்தாய் என்று அவன் கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துபோய் அவள், "சரிங் தம்பி, மெதுவாப் போங்க," என்றாள்.

மகுடஞ்சாவடி தாண்டிச் சாலை வளைகிற இடத்தில் இடதுபக்கச் சக்கரம் மடங்கியது. வண்டி பள்ளத்தில் இறங்கிப் புளியமரத்தில் மோதி நின்றது. மாதேஸ்வரனுக்கு நெற்றியில் தையல். டீச்சருக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்கென்றே ஆப்பரேஷன் செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து தயார்படுத்தி வைத்திருந்த கை அது. இனி அந்தக் கை உதவாது, கழுத்தில் குழாய் போட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதாகச் சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

நொறுங்கிய மருதத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கோகிலவாணியின் பட்டறையில்தான் விட்டார்கள். மறுநாள் காலை போலீசும் வாகன அதிகாரியும் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். வெயில் இன்னும் தாழவில்லை. அவள் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ரிம்மும் டயரும் நசுங்கிக் கிடந்தன. கிண்ணம் பிளந்து, குண்டு தனியே தொங்கியது.

"அண்ணா," என்றாள். "மாத்திருங்க."

அர்த்தநாரிக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் அப்படி நின்றார்.

"அவரோட புதுசு அங்கதான கெடக்குது. அதை மாட்டிட்டு இதை எடுத்துருங்க."

"வாணி..."

"சொன்னதைச் செய்யுங்கண்ணா."

அவர் செய்தார். செய்து முடித்துக் கையைக் கழுவியவர் அன்று அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வந்த அதிகாரி முன்கையை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. சாமான் புதுசு, கெட்டியாக இருக்கிறது. விபத்துக்குச் சற்று முன்புதான் நாடி பச்சை காட்டியிருக்கிறது. வண்டியில் குறையில்லை என்றால் குறை ஓட்டியவனிடம்தானே இருக்க வேண்டும்? கண் அசந்திருக்கிறான் என்று எழுதிவிட்டார்கள். மாதேஸ்வரன் மேல் கேஸ் பதிவானது. லைசென்சையும் வாங்கிக்கொண்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து மாதேஸ்வரன் வந்தான். நெற்றிக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வந்ததும் நேரே பட்டறைக்குள் போய், வண்டியின் அடியில் குனிந்து பார்த்தான். பிறகு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என் வண்டியில புதுச் சாமான் இருக்குதுங்க்கா. அதை நான் மாட்டல."

கோகிலவாணி கல்லாவை இழுத்துச் சாத்தினாள்.

"பயப்படாதீங்க, நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. எரவல் மாட்டிக்கிட்டுப் போனவன் நானுந்தான. சொன்னா நம்ம ஊரு வண்டி அத்தனையும் நின்னுபோயிரும். எல்லாம் நம்மள மாதிரிப் பொழைக்கறவங்க." அவன் நெற்றிக்கட்டைத் தொட்டுச் சரிசெய்தான். "டீச்சரைப் பாக்கப் போயிருந்தேன். திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டல. தூங்கிட்டீங்களா தம்பின்னு கேட்டாங்க. ஆமாங்க டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவன் போய்விட்டான். அவன் கத்தியிருந்தால், கல்லாவை உடைத்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "ஆமாங்க டீச்சர்" என்ற அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூன்று ஜோடியையும், உடைந்துபோனது உட்பட, ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். அர்த்தநாரி சாக்கின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

நாடி மையத்தில் பெனிட்டா டீ குடித்துக்கொண்டிருந்தாள். சாக்கை அவள் காலடியில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு கோகிலவாணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா காலத்து வழக்கம், ஓமலூர் பஸ், சுத்தியல் அடி, வெள்ளிக்கிழமை ஃபோன், அன்று சாயங்காலம் மாற்றச் சொன்னது, எதையும் விடவில்லை. பெனிட்டாவின் டீ ஆறிப்போனது.

"அன்னைக்கு எங்கிட்ட வந்து கேட்டீங்களேக்கா," என்றாள் பெனிட்டா கடைசியில். "எல்லாரும் ஒரே சாமானை மாட்டிக்கிட்டு வந்தா என்னன்னு. நான் சிரிச்சேன். நீங்களும் கூடச் சிரிச்சீங்க."

"ஆமாங் கண்ணு."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த அம்மா கை இருந்திருக்கும்."

கோகிலவாணி அதற்கும் "ஆமா" என்றாள்.

போலீஸ் வந்தது. செட்டையும், மாதேஸ்வரனின் புதுச் சாமானையும் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போய் கோர்ட்டில் பூட்டி வைத்தார்கள். மாதேஸ்வரனின் கேஸை வாபஸ் வாங்கினார்கள், லைசென்சும் திரும்பக் கிடைத்தது. கேஸ் அவள் பக்கம் திரும்பியது, அவள் ஜாமீனில் வந்தாள். மாவட்டத்து மருதங்களின் தகுதிச் சான்றுகள் எல்லாம் ரத்தாயின. ஊர் அவளைத் தின்றுவிடுவது போலப் பார்த்தது. கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. சம்பளம் கொடுக்க முடியாது என்று சொல்லியும் அர்த்தநாரி மட்டும் தினம் வந்து ஷட்டரைத் தூக்கினார்.

அவள் டீச்சரைப் போய்ப் பார்த்தாள். கழுத்தில் பிளாஸ்திரிக்கடியில் குழாய் தெரிந்தது. டீச்சர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கணக்கு டீச்சர், தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்தே பழகியவர்.

"அந்தப் பையன் ஃபோன் பண்ணானே, அப்பச் சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். "மத்ததெல்லாம் விடும்மா. அந்த ஃபோன்ல சொல்லியிருக்கலாம். நான் பஸ்ல போயிருப்பேன்."

அதற்கப்புறம் கோகிலவாணிக்கு ஃபோன் மணி அடித்தாலே நெஞ்சு திடுக்கிடும்.

சில மாதங்கள் போயின. ஒருநாள் பெனிட்டா தானாகவே கடைக்கு வந்தாள். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது.

"உங்க செட்டு சத்தத்தை வச்சே நாடி படிச்சது எல்லாத்தையும் தேடி அழிச்சாச்சுக்கா. மருதம் முன்கையைப் பத்தி அதுக்கு இப்ப ஒண்ணுமே தெரியாது. வெறும் சிலேட்டு."

"அப்பறம் எதை வெச்சுப் பாக்கும்?"

"கம்பெனி அளவை வச்சு. வண்டி செஞ்சவங்களுக்குத்தானே சரியான அளவு தெரியும்? தலைமை ஆபீஸ்ல அதை வாங்கி ஏத்திட்டாங்க. இனிமே யாரும் ஏமாத்த முடியாது."

கோகிலவாணி அழுதுவிட்டாள். செய்தது போகாதுதான். டீச்சரின் கை திரும்பி வராது. ஆனாலும் நாடியாவது தன்னிடமிருந்து தப்பித்ததே என்று ஒரு நிம்மதி. அன்று ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

மருதங்கள் மறுபடி நாடிக்குப் போகத் தொடங்கின. ரொம்பத் தேய்ந்த சாமானோடு போனவை எல்லாம் சிவப்பு வாங்கின. வேறு வழியில்லாமல் ஜனங்கள் சேலம் போய்க் கம்பெனி சர்வீஸில் புதுசு மாட்டிக்கொண்டு வந்தார்கள். மாதேஸ்வரனும் வண்டியை அங்கே கொடுத்துத்தான் சரிசெய்தான். கடைப்பக்கம் வந்தபோது, "புதுசு மாட்டிட்டேனுங்க்கா, நாடி ஒரே தடவையில பச்சை காட்டிருச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தன்னோடு பேசியதே அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது. டீச்சரும் திரும்ப அவன் வண்டியில்தான் டயாலிசிஸுக்குப் போகிறாராம். முன்சீட்டில் உட்கார்ந்து, அவன் கண் அசராமல் வாய்ப்பாடு கேட்கிறாராம்.

அப்படி ஒரு புதன்கிழமை முற்பகலில் மருதம் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வந்தார். டை கட்டிய, சிரித்த முகமான ஆள். கேஸ் விஷயமெல்லாம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

"உங்க ஏரியாவுல மருதம் லோயர் ஆர்முக்கு ஆர்டர் கொட்டுது மேடம். நீங்க மட்டும் ஏன் எடுக்காம இருக்கீங்க? சாம்பிளுக்கு ஒரு ஜோடி வச்சுக்குங்க." பெட்டியை மேஜை மேல் வைத்தார். 'நாடியில் நிச்சயம் தேறும்' என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. "போன வருஷம் எங்களுக்கு ஒரே தலைவலி. சேலத்துல எங்க சர்வீஸ்ல மாட்டுன புதுச் சாமானெல்லாம் நாடியில ஃபெயில் ஆகுதுன்னு நிறையப் புகார். எங்க இன்ஜினியருங்க ஒரே முடிவா, நாடிகிட்ட இருந்தே அளவை வாங்கி, அதுக்கேத்த மாதிரி சாமான் வார்க்கற அச்சையே மாத்திட்டாங்க. இப்ப ஒரு புகார் கிடையாது."

அர்த்தநாரி பட்டறையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப மாத்துனீங்க?" என்றாள் கோகிலவாணி.

"அது ஆச்சு மேடம், பொங்கலுக்கு முன்னாடியே."

மாதேஸ்வரன் முன்பு அவளிடம் வாங்கியது பழைய அச்சில் வந்த ஸ்டாக். அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு பெனிட்டாவிடம் போனது பொங்கல் கழித்து. அதற்கு முன்பே கம்பெனி நாடியிடம் அளவு வாங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு நாடி கம்பெனியிடம் அளவு வாங்கியிருக்கிறது. இரண்டு அளவும் அவளுடைய தேய்ந்த மூன்று ஜோடியின் அளவுதான்.

அவள் பெட்டியைப் பிரித்தாள். எண்ணெய்க் காகிதத்தை விலக்கி ஒன்றை எடுத்தாள். புத்தம் புதுசு, கீறல் இல்லை. கையில் பிடித்து ஆட்டினாள். டக் டக் என்றது. குண்டு கிண்ணத்துக்குள் சாவகாசமாக அங்குமிங்கும் போய் வந்தது.

அவள் யோசிக்கவில்லை. ஃபோனை எடுத்து மாதேஸ்வரனைக் கூப்பிட்டாள். புதன்கிழமை, சேலம் போகிற நாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் காற்றின் இரைச்சலும் டீச்சரின் குரலும் கேட்டன.

"சொல்லுங்க்கா."

"தம்பி, வண்டிய ஓரங்கட்டுங்க."

"ஏனுங்க்கா? மகுடஞ்சாவடி தாண்டப் போறோம். டீச்சருக்கு நேரமாச்சுங்க."

"ஓரங்கட்டுங்க தம்பி. டீச்சரை எறக்கி வேற வண்டியில ஏத்துங்க. முன்னால லோயர் ஆர்ம் போயிரும்."

"அதெல்லாம் புதுசுங்க்கா, கம்பெனிச் சாமானு. நாடியே பச்சை..."

"அது புதுசு இல்லீங்க தம்பி," என்றாள் கோகிலவாணி. "அது எங்க செட்டு. கம்பெனி புதுசா செஞ்சு அனுப்பியிருக்கறது எங்க செட்டைத்தான். தெரிஞ்சுதான் சொல்றேன். நிறுத்துங்க."

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மெல்லக் குறைந்தது. சக்கரம் மண்ணில் இறங்குகிற சத்தம். கதவு திறந்தது. "என்னாச்சு தம்பி?" என்று டீச்சர் கேட்டார்.

கோகிலவாணி ஃபோனைக் கீழே வைத்தாள். எதிரே பிரதிநிதி சிரிப்பு மாறாமலே நின்றிருந்தார்.

"எங்க செட்டுன்னா என்னங்க மேடம்?"

"இந்தப் பெட்டி எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்குது?" என்று அவள் கேட்டாள்.

"தமிழ்நாடு பூராவும் மேடம். ஏன்?"

அவள் ஒரு நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க," என்றாள். "எங்கப்பா காலத்துல இருந்து சொல்லோணும்."